ஏசுபாதம் இறங்காத ஊர்கள்

ஏசுபாதம் தம் ஆயுளின் பெரும்பகுதியை நின்றுகொண்டே கழித்தவர். தவம் எதுவும் இல்லை. அரசுப் பேருந்தில் கண்டக்டர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. முப்பது வருஷத்துக்கும் மேலாக இதே. அவர் போன தூரத்தை நீட்டிப் பிடித்தால் உலகத்தைப் பலமுறை சுற்றி வந்திருக்கலாம் என்று பணி ஓய்வு விழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசினார். ஆனால் யாரும் நீட்டிப் பிடிக்கவில்லை.

கண்டக்டருக்கென்று பின்வாசலை ஒட்டி, ஜன்னலோரமாக, ஓர் இருக்கையை அரசாங்கம் ஒதுக்கியிருந்தது உண்மைதான். ‘நடத்துநர்’ என்று தலைமாட்டில் பெயின்ட்டால் எழுதியும் இருந்தது. அந்த எழுத்தைப் படித்தவர் ஏசுபாதம் ஒருவர்தான். மாமல்லபுரத்தில் சந்திரம்மாவின் மீன்கூடை அந்த இடத்தில் ஏறும். கூடை இறங்கினால் ஒரு கர்ப்பிணி உட்காருவாள். கர்ப்பிணி இறங்கினால் காலில் மாவுக்கட்டு போட்டவர் ஒருவர் எங்கிருந்தோ முளைப்பார். ஒரு நாள் ஓர் ஆட்டுக்குட்டி அதில் உட்கார்ந்து செங்கல்பட்டு வரை வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது. ஏசுபாதம் அதற்கு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிற்பதோடு முடியவில்லை. அந்த வழித்தடத்தில் தபால் இலாகாவை நம்பியவர்களைவிட ஏசுபாதத்தை நம்பியவர்கள் அதிகம். மகளுக்கு மீன்குழம்பு, மருமகனுக்கு மறந்துபோன மூக்குக்கண்ணாடி, கல்யாண வீட்டுக்குப் பூக்கூடை, ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குக் கஞ்சி என்று எதுவானாலும் “கண்டக்டராண்ட குடுத்துடு, பூடும்” என்பார்கள். அவரும் இந்த நிறுத்தத்தில் வாங்கி அந்த நிறுத்தத்தில் நிற்பவர் கையில் போட்டுவிட்டு விசில் கொடுப்பார். இதற்கு யாரும் நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை. குழம்பில் உப்பு குறைந்தால் மட்டும் மறுநாள் அவரிடம் முறையிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஏசுபாதம் ஒரே ஒரு ஜாதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். அது ஜன்னலோரத்தில் தூங்குகிற ஜாதி. ஏறி உட்கார்ந்ததும் தலையைக் கம்பியில் சாய்த்து, வாயைப் பாதி திறந்து, இறங்கவேண்டிய ஊரைப் பற்றிய பொறுப்பையெல்லாம் கண்டக்டர் தலையில் கட்டிவிட்டுத் தூங்கிப்போவார்கள். “யப்பா, திருக்கழுக்குன்றம்! எறங்கு, எறங்கு!” என்று அவர்களைத் தோளில் தட்டி எழுப்புவது ஏசுபாதம்தான். எழுந்தவர் விழித்துப் பார்க்கும் அந்தப் பார்வை இருக்கிறதே, அதில் உலகம் தெரியாத ஒரு நிம்மதி இருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஸ்ரீனிவாசராகவன் அந்த நிம்மதியில் வாரம் ஒருமுறை குடையைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குவார். ஏசுபாதம் விசில் ஊதி வண்டியை நிறுத்தி, குடையோடு பின்னால் ஓடுவார்.

“இன்னா சார், பாத்து எறங்க மாட்டீங்களா?”

“பார்த்துதான் இறங்கினேன் ஏசுபாதம். குடைதான் என்னைப் பார்க்கலை.”

வாழ்க்கையில் ஒரு தடவையாவது தாம் அப்படித் தூங்கவேண்டும், தம்மை வேறொருவர் தட்டி எழுப்பவேண்டும் என்பது ஏசுபாதத்தின் ஆசை. வெளியே சொல்லக்கூடிய ஆசை அல்ல என்பதால் மனைவி ஹெலனிடம் மட்டும் சொல்லியிருந்தார். “வூட்ல தூங்குறியே, அது தூக்கம் இல்லியா?” என்று அவள் கேட்டாள். வீட்டில் தூங்கும் மனிதனுக்கும் பஸ்ஸில் தூங்கும் பயணிக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குப் புரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் உட்காரவில்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் சொந்த வீட்டின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நாஸ்தா சாப்பிட்டார். ஞாயிறு பூசையில் கோயில் பின்வாசலில் நின்றுகொண்டு, “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கீது” என்று விசுவாசிகளை நகர்த்தினார். ஃபாதர் இதைக் கண்டிக்கவில்லை. நடுவில் இடம் நிரம்பியது அந்தப் பங்குக் கோயிலில் அதுவே முதல் தடவை.

இப்படி இருக்கும்போதுதான் சுவிட்சர்லாந்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் சாம், வீடியோ காலில் வந்து அந்தக் குண்டைப் போட்டான்.

“நைனா, நீயும் அம்மாவும் வர்றீங்க. டிக்கெட் போட்டாச்சு. சூரிச்ல என் வூட்ல தங்கிக்கலாம். அங்கேர்ந்து சுத்திப் பாக்க நாலு ஊர் மட்டும் நீயே செலக்ட் பண்ணு. ஞாயித்துக்கெழம சொல்லிடு, ஓட்டல் புக் பண்ணணும்.”

“நாலு இன்னாத்துக்கு? ஒண்ணு போதும்.”

“ஒண்ணு இன்னா நைனா? இவ்ளோ தூரம் வந்துட்டு! நான் வீடியோ அனுப்புறேன், பாத்து சொல்லு.”

சாம் அனுப்பினான். ஏரிகள், கோட்டைகள், மணிக்கூண்டுகள், பனிமலைகள், பாலாடைக்கட்டி செய்யும் கிழவர்கள். ஏசுபாதம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். சிவப்பு நிற ரயில் ஒன்று கல்பாலத்தின் மேல் வளைந்து, மலையைக் குடைந்து, பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பவர்கள் எல்லாரும் பாலத்தைப் பார்ப்பார்கள். ஏசுபாதம் மூன்றாவது பெட்டியைப் பார்த்தார். அதில் ஜன்னலோரமாக ஒருவன் கண்ணாடியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். வாய் பாதி திறந்திருந்தது.

ஏசுபாதம் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவருடைய ஊர் முடிவாகிவிட்டது.

மீதி மூன்று ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கென்று மாமல்லபுரத்தில் ஒரு சபை கூடியது. கூட்டியது யார் என்று தெரியாது. உலகநாதனின் சிற்பக்கூடத்தில், பாதி முடிந்த நந்திகளுக்கும் தலை மட்டும் முடிந்த ஒரு புத்தருக்கும் நடுவில் டீ வந்தது. உலகநாதன், ஏசுபாதத்தின் பள்ளிக்கூட சிநேகிதன். ஸ்ரீனிவாசராகவன் ஐந்து மடிப்பாக மடித்த வரைபடம் ஒன்றோடு திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். குடையைப் பஸ்ஸிலேயே விட்டிருந்தார். சந்திரம்மா காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஏசுபாதம் மூங்கில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் ஊரை ஹெலன் வீட்டிலேயே எடுத்துக்கொண்டுவிட்டாள். ஐன்சீடெல்ன் என்ற ஊரில் கருப்பு மாதா இருக்கிறாளாம். அங்கிருக்கும் நம் ஜனங்கள் எல்லாரும், இந்துக்கள் உள்பட, போய் மெழுகுவத்தி ஏற்றுகிறார்களாம். மாதாவை எதிர்த்து ஓட்டுப் போடச் சபையில் ஆளில்லை. ஏகமனதாக நிறைவேறியது.

“அடுத்தது ஜெனீவா,” என்றார் ஸ்ரீனிவாசராகவன், வரைபடத்தின் ஒரு கோடியில் விரலை வைத்து. “மகா பெரிய ஏரி. சர்வதேச சபைகள் எல்லாம் அங்கேதான். உலக சமாதானமே அந்த ஊர்லதான் இருக்கு.”

“உங்க பையன் கிரிதரும் அந்த ஊர்லதான கீறாரு சார்?” என்று கேட்டார் ஏசுபாதம்.

“அதுவும் இருக்கு,” என்று வாத்தியார் ஒப்புக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். “பெருந்தேவி வத்தக்குழம்புப் பொடி அரைச்சிருக்கா. நீங்க எப்படியும் அந்தப் பக்கம் போறேள். குடுத்துட்டா தேவலை.”

சந்திரம்மா அதுவரை ஒரு சந்தேகத்தில் இருந்தாள். “அண்ணாத்த, அந்த ஊர்ல கடல் எந்தப் பக்கம்?”

“கடலே கெடையாது.”

“எந்தப் பக்கமும்?”

“எந்தப் பக்கமும்.”

சந்திரம்மா அந்த நாட்டுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டாள். “அய்ய! கடலே இல்லாத ஊர்ல மனுசன் எப்டிய்யா குந்திகினு கீறான்? எங்க அக்கா பையன் கலைவாணன் அங்கதான், பெர்னோ இன்னாவோ, ஓட்டல்ல வேல செஞ்சிகினு கீறான். புள்ள இன்னா துன்றானோ!” மறுநாள் காலையில் நெத்திலிக் கருவாடு வந்தது. நாலு பாலித்தீன் பையில் சுற்றி, அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைச் சேலைத்துணியில் கட்டியிருந்தாள். இத்தனையும் தாண்டி அது தன் இருப்பைத் தெருமுனை வரை அறிவித்தது. பெர்ன் நகரத்தை மூன்று பக்கமும் ஓர் ஆறு சுற்றி ஓடுவதாக வரைபடத்தில் கண்ட வாத்தியார், அப்படிப்பட்ட இடத்தில் பெருமாள் இருந்தே ஆகவேண்டும், ஆராய்ச்சி பண்ணினால் தெரியும் என்று வழிமொழிந்தார். மூன்றாவது ஊரும் நிரம்பியது.

நாலாவதுதான் பாக்கி. ஏசுபாதம் தொண்டையைக் கனைத்தார். “ஒரு செவப்பு ரயில் கீது…”

“இரு மச்சான்,” என்றான் உலகநாதன். உள்ளே போய், தார்ப்பாயை விலக்கி, தூசியைத் தட்டி, இரண்டு கையாலும் எதையோ தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தான்.

கருங்கல்லில் செய்த மூஞ்சூறு. சின்னப் பரங்கிக்காய் அளவு. கனம் மட்டும் பரங்கிக்காயின் கனம் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஓர் அம்மாள் உலகநாதனிடம் பிள்ளையார் சிலை ஒன்று வாங்கிப் பெட்டி கட்டி அனுப்பச் சொன்னாள். பிள்ளையார் கப்பல் ஏறினார். தனியாகச் செய்த மூஞ்சூறு தார்ப்பாய்க்குள் தங்கிவிட்டது.

“அன்னியிலேர்ந்து பிள்ளையார் வண்டி இல்லாம குந்திகினு கீறாரு மச்சான். எனுக்குத் தூக்கமே இல்ல. நீ ஒருத்தன்தான் கொண்டுபோய்ச் சேக்க முடியும்.”

“அட்ரஸ் இன்னா?”

உலகநாதன் ஒரு புகைப்படத்தைக் காட்டினான். அந்த அம்மாள் அனுப்பியது. தோட்டத்தில் பிள்ளையார். பின்னால் ஏரி. ஏரிக்குப் பின்னால் மலை. ஓரத்தில் கூர்க்கோபுரத்தோடு ஒரு கோயில், அதன் முன்னால் ஒரு பசு. முகவரி எழுதிய உறை கரையானுக்குப் போய்விட்டது.

“இதான் ஊரு. பாத்தாலே தெரியும்ல?”

மறுநாள் சாயங்காலம் ஏசுபாதம் அந்தப் படத்தைச் சாமுக்கு அனுப்பினார். சாம் நெடுநேரம் படத்தைப் பார்த்தான்.

“நைனா, ஏரி, மலை, சர்ச்சு, மாடு. சுவிட்சர்லாந்து மொத்தமும் இதான். இந்த ஊரு எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

“அப்ப எந்த ஊர்ல வோணா எறங்கலாம்.”

“சரி, மூஞ்சூறுக்கு ஒரு ஊரு. மாதா, ஜெனீவா, பெர்னு, மூஞ்சூறு. நாலு ஆச்சு.”

“அந்தச் செவப்பு ரயிலு?”

“நைனா, ரயில் ஊருக்குப் போறதுக்கு. ரயிலே ஒரு ஊரா?”

ஏசுபாதம் போனை வைத்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கூடத்தில், அவர் உட்காருவதற்கென்று சாம் போன வருஷம் வாங்கிக் கொடுத்த சாய்வு நாற்காலியில் கருவாட்டு டின் உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் குழம்புப் பொடி. கால்மாட்டில் மூஞ்சூறு.

ஹெலன் அந்த நாற்காலியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னாய்யா நீ! அங்கியும் போய் கண்டக்டர் வேலதான் பாக்கப் போறியா? ஊருக்கு ஊரு எறங்கி எறங்கிப் பார்சல் குடுத்துகினு?”

ஏசுபாதம் சட்டென்று திரும்பினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பல வருஷங்களாகக் கையில் இருந்த சட்டப் பிரிவு ஒன்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

“யம்மா, நான் என்னிக்காவது பார்சல் குடுக்க வண்டிய வுட்டு எறங்கிக் கீறனா?”

இல்லை. அந்த வழித்தடத்தின் அடிப்படைச் சட்டமே அதுதான். பார்சல் வண்டியோடு வரும். வாங்கவேண்டியவர் நிறுத்தத்தில் வந்து நிற்கவேண்டும். கண்டக்டர் யார் வீட்டுப் படியையும் ஏறமாட்டார். திருக்கழுக்குன்றத்துக்கு இருந்த சட்டம் சுவிட்சர்லாந்துக்கு இல்லாமல் போவது எப்படி?

உடனே சாமைக் கூப்பிட்டார். “டேய், அந்தச் செவப்பு ரயிலு எங்கெங்க நிக்குது, பேரச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை தேர்வு முடிவுகள் வெளியாயின. ஜெனீவா ரத்து. பெர்ன் ரத்து. மாதா நீங்கலாக மற்ற எல்லா ஊர்களுக்கும் பதிலாகக் கூர் என்ற ஊரில் கிளம்பி, மலையேறி, அந்தப் பக்கம் இத்தாலி எல்லையில் டிரானோ என்ற ஊரில் போய் முடியும் சிவப்பு ரயில். குழம்புப் பொடி, டீஃபன்காஸ்டல் நிறுத்தம். கருவாடு, அடுத்து வரும் ஃபிலிசூர் நிறுத்தம். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பார்சல்தான், கூட்டம் சேரக்கூடாது.

ஜெனீவாவிலிருந்து கிரிதர் தன் அப்பாவுக்கு போன் போட்டான். “அப்பா, இது நாட்டோட அந்தக் கோடி. ஒரு பொடிக்காக நான் லீவு போட்டுட்டு மூணு ட்ரெயின் மாறணுமா?”

“மாறணும்,” என்றார் ஸ்ரீனிவாசராகவன். “கண்டக்டர் வண்டிய விட்டு இறங்க மாட்டார். எனக்கே இறங்கினதில்லை.” குடைக்காக இறங்கி ஓடியதெல்லாம் அவர் நினைவில் தங்கவில்லை.

மூஞ்சூறுக்கு மட்டும் நிறுத்தம் இல்லை. வழியில் ஏரி, மலை, கோயில், மாடு எல்லாம் சேர்ந்தாற்போல் வந்தால் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஸ்கேனருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

“இது என்ன?”

“மூஞ்சூறு சார்.”

“யாரோடது?”

“பிள்ளையாரோடது.”

“உங்க பேரு?”

“ஏசுபாதம்.”

அதிகாரி பாஸ்போர்ட்டையும் மூஞ்சூறையும் கொஞ்ச நேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உடனே மூடினார். “போங்க சார், போங்க,” என்றார். பின்னால் நின்ற வரிசைக்கும் வேகமாக வழி கிடைத்தது.

மாதா முதலில் முடிந்தது. ஹெலன் முழந்தாளிட்டு, எதற்காகவோ அழுது, மெழுகுவத்தி ஏற்றினாள். ஏசுபாதம் பின்வாசலில் நின்று, ஒரு ஜெர்மன் குடும்பத்தை நடுவில் இருந்த இடத்துக்கு நகர்த்தினார்.

இரண்டு நாள் கழித்துக் கூர் ரயில் நிலையத்தில் சிவப்பு ரயில் நின்றிருந்தது. வீடியோவில் பார்த்ததைவிடச் சிவப்பு. ஜன்னல்கள் கூரை வரை வளைந்து ஏறியிருந்தன. எதிரெதிராக நாலு இருக்கை. அதில் ஒன்று ஜன்னலோரம், வண்டி போகும் திசையைப் பார்த்து. சாம் அதைக் காட்டி, “நைனா, இது உன் சீட்டு,” என்றான். ஏசுபாதம் உட்காருவதற்கு முன் ஒரு தடவை அந்த மெத்தையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

தடவிக்கொண்டிருந்த நேரத்தில் ஹெலன் மூஞ்சூறை எடுத்து அதில் வைத்துவிட்டாள்.

“கீழ கால்கிட்ட வெக்கக் கூடாதுய்யா. அவங்க சாமி வண்டி. பாவம்.”

“மேல வையேன்.”

“மேலேர்ந்து யார் தலைலயாவது வுழுந்தா?”

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நாலாவது இருக்கையைப் பைகள் பிடித்திருந்தன. வண்டி கிளம்பியது. ஏசுபாதம் பழக்கதோஷத்தில் நடைபாதையில் நின்று, இருக்கையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூஞ்சூறு ஜன்னல் வழியாக ரைன் நதியைப் பார்த்துக்கொண்டே வந்தது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். உயரமான, மெலிந்த, நரைமீசை மனிதர். தோளில் பை. சாமின் டிக்கெட்டைப் பார்த்தார், ஹெலனைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த ஏசுபாதத்தைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த மூஞ்சூறைப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனத்தில் ஏசுபாதம் ஒரு சக ஊழியரைக் கண்டுகொண்டார். இவரும் தம் பங்குக்கு ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தவர்தான்.

டீஃபன்காஸ்டல் வந்தது. அங்கேதான் யாரும் எதிர்பாராத பேஜாரு. ஜன்னல் திறக்கவில்லை. திறப்பதற்கான ஏற்பாடே அதில் இல்லை. கண்ணாடிக்கு வெளியே, கோட்டும் குல்லாவும் போட்ட கிரிதர் மூன்று ரயில் மாறிய களைப்போடு கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஏசுபாதம் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கதவு திறந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்து, உடம்பை வெளியே சாய்த்து, பொட்டலத்தை நீட்டினார். முப்பது வருஷப் பழக்கம். துளி பிசகவில்லை.

“அப்பா சௌக்யமா இருக்காரா?”

“கொடை மட்டும் சௌக்யமா இல்ல! தள்ளி நில்லு, வண்டி எடுக்கப் போறான்!”

ஃபிலிசூரில் கலைவாணன் நின்றான். தனியாக இல்லை. ஊரிலிருந்து கண்டக்டர் வருகிறார் என்ற செய்தி பரவி, அவனோடு ஒரு கும்பலே நின்றது. செங்கல்பட்டு, மதுராந்தகம், யாழ்ப்பாணம் என்று பல ஊர்க்காரர்கள். டின் கை மாறியது. மேடையில் இருந்த சுவிஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து நின்றார்கள். கதவு மூடுவதற்குள் திரும்பிப் போகும் பார்சல்கள் ஏறத் தொடங்கின.

“கண்டக்டரே, இத எங்க சித்திக்கிட்ட குடுத்துடுங்க!” கலைவாணன் நீட்டியது மாட்டுக் கழுத்தில் கட்டும் ஒரு பெரிய மணி.

“சந்திரம்மா மணிய வெச்சிகினு இன்னாடா செய்யும்?”

“மீனு விக்கறப்ப அடிக்கட்டும்!”

“இந்தச் சாக்லேட்டு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல, பூக்கடைல குடுத்தாப் போதும் அண்ணாத்த!”

பரிசோதகர் விசிலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுபாதம் அவரைத் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டி, “ரைட்!” என்றார். பரிசோதகர் விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது. எதற்காக அந்த மனிதரின் அனுமதிக்குக் காத்திருந்தோம் என்று பரிசோதகர் மலையேறும் வரை யோசித்திருக்கக்கூடும்.

மணியும் சாக்லேட்டுமாகத் திரும்பி வந்த ஏசுபாதம், நடைபாதையில் பழைய இடத்தில் நின்றார். சாம் தலையில் கை வைத்திருந்தான்.

“நைனா, மானம் போவுது. இன்னும் எத்தினி ஸ்டாப்புல ஆளு நிக்குது?”

“அவ்ளோதான். முடிஞ்சுது.”

முடிந்தது என்று சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. கையில் யாருடைய குழம்பும் இல்லை. யாரும் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. வெளியே மரங்கள் குறைந்து, வெள்ளை தொடங்கியது. அவர் தம் இருக்கையைப் பார்த்தார். மூஞ்சூறு அதில் சௌகரியமாக, ஆடாமல் அசையாமல், டிக்கெட் எடுத்த பிரயாணியைப் போல உட்கார்ந்திருந்தது.

கூடை, கர்ப்பிணி, மாவுக்கட்டு, ஆட்டுக்குட்டி. தமக்கென்று எழுதியிருந்த இருக்கையிலிருந்து ஏசுபாதம் இதுவரை யாரையும் எழுப்பியதில்லை. அவர் குனிந்தார். மூஞ்சூறின் காதருகே, மரியாதை குறையாமல் சொன்னார்.

“கொஞ்சம் எந்திரி நைனா. இது என் சீட்டு.”

இரண்டு கையாலும் தூக்கி எதிர் இருக்கையில், பைகளை ஒதுக்கி, கலைவாணனின் மணிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு உட்கார்ந்தார். நன்றாகப் பின்னால் சாய்ந்து, முழு எடையையும் கொடுத்து உட்கார்ந்தார். கண்ணாடியில் கன்னத்தை வைத்தார். சில்லென்று இருந்தது.

“நைனா, இப்பதான் மெயின் சீனே வருது. பனியாறு வரும், வெள்ளையா ஏரி வரும், அப்பறம் வண்டி அப்பிடியே வட்டமா சுத்தி எறங்கும்,” என்று சாம் சொல்லிக்கொண்டே வந்தான். “நைனா… ஏ நைனா?”

ஏசுபாதத்தின் வாய் பாதி திறந்திருந்தது.

“அய்யோ, எழுப்பு ம்மா! இதுக்குத்தான் வந்ததே!”

ஹெலன் மகன் கையைத் தட்டிவிட்டாள். “கைய எடு. தூங்கட்டும். ஆமா, இதுக்குத்தான் வந்துது.”

பனியாறு வந்தது. உலகம் முழுவதிலிருந்தும் மனிதர்கள் வந்து பார்க்கும் அதை ஏசுபாதம் பார்க்கவில்லை. பால் நிறத்தில் ஏரி வந்தது. அதன் பின்னால் மலையும் இருந்தது. கொஞ்சம் கீழே இறங்கியதும் கூர்க்கோபுரக் கோயில் ஒன்றும், அதன் முன்னால் பசு ஒன்றும்கூட வந்தன. படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்ததால் அது மூஞ்சூறின் ஊரா இல்லையா என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை. வண்டி கல்வளைவு ஒன்றில் வட்டமாகச் சுற்றி இறங்கியபோது அவர் தலை ஒருமுறை கண்ணாடியில் இடித்தது. விழித்துக்கொள்ளவில்லை. இடிபட்ட இடத்திலேயே தலை திரும்பச் சாய்ந்தது. அது தேர்ந்த பிரயாணிகளுக்கு மட்டுமே கைவருவது.

யாரோ தோளில் தட்டினார்கள். மெதுவாக, இரண்டு விரலால், ஆனால் விடாமல்.

ஏசுபாதம் கண்ணைத் திறந்தார். நரைமீசை குனிந்திருந்தது. “டிரானோ,” என்றது மீசை. பிறகு கையால் வாசலைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னது. கடைசி நிறுத்தம், எல்லாரும் இறங்கியாயிற்று, நீங்கள்தான் பாக்கி என்பதற்கு எந்த மொழியிலும் அந்தக் கையசைப்புதான். ஏசுபாதம் அந்த மனிதரை ஒன்றும் புரியாமல், உலகம் தெரியாமல், அபாரமான நிம்மதியோடு பார்த்தார். எத்தனையோ பேரின் முகத்தில் பார்த்த அந்தப் பார்வை கடைசியில் அவர் முகத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

சாமும் ஹெலனும் மணியையும் சாக்லேட்டையும் எடுத்துக்கொண்டு மேடையில் காத்திருந்தார்கள். ஏசுபாதம் சட்டையை நீவிக்கொண்டு, எதையும் தேடாமல், எண்ணாமல், பின்னால் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். இத்தாலிய வெயில் இதமாக இருந்தது. கையை வீசிக்கொண்டு நடந்தார்.

பின்னால் விசில் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து பூட்ஸ் காலின் ஓட்டம். ஏசுபாதத்துக்கு அந்த ஓட்டம் நன்றாகத் தெரியும். தோள்பை இடுப்பில் மோத, ஒரு கையில் அடுத்தவர் பொருளோடு ஓடுகிற ஓட்டம். அவர் கொஞ்ச தூரம் காதில் விழாதவரைப் போலவே நடந்தார். ஓடி வரட்டும் என்று நினைத்தார். அந்தச் சத்தத்தில் அவ்வளவு சுகம் இருந்தது.

பிறகு பாவமாக இருந்ததால் நின்றார். மூச்சு வாங்க வந்து நின்ற நரைமீசை, மார்போடு அணைத்திருந்த கல் மூஞ்சூறை அவர் கையில் கொடுத்துவிட்டு, முகம் சிவந்து, இத்தாலிய மொழியிலோ ஜெர்மன் மொழியிலோ ஒரு வாக்கியம் சொன்னது.

ஏசுபாதத்துக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் வாக்கியம் புரிந்தது. அதை அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

“பாத்துதான் எறங்குனேன் சார்,” என்றார். “இதுதான் என்னப் பாக்கல.”